கரையேறிய போட்டும் சீட்டுக் கச்சேரியும்

"உங்க மாமனாருக்கு என்னா சார், ஏப்ரல் 15 வந்தா ரெண்டு மாசம் லீவு. மரத்தடியில உக்காந்து சீட்டாட வேண்டியது, கவர்மெண்ட் வேற காசு குடுக்குது" என்றார் என்னோடு வங்கியில் வேலை பார்க்கும் நண்பர். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே போகிற போக்கில் சொன்னது. அவர் குத்திப் பேசுகிற ஆள் இல்லை. திட்டக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம், மழை பொய்த்த வருஷங்களைப் பார்த்தவர். அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன். இவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யும் இல்லையே, விசைப்படகு (இங்கே போட்டு என்றுதான் சொல்வோம்) வைத்து மீன்பிடித் தொழில் பார்க்கும் என் மாமனார் சீட்டாடத்தான் செய்கிறார். ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலத்தில் கடலூர் முதுநகருக்கு வந்து பரவனாற்றங்கரையில் நின்று பாருங்கள். விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். மரத்தடியிலும் வலை பின்னும் கூடத்திலும் வட்டம் வட்டமாக ஆட்கள். ஒரு வட்டத்தில் ரம்மி, இன்னொன்றில் தாயம், மூன்றாவதில் செல்போனைத் தண்ணி பாட்டிலில் சாய்த்து வைத்து ஐபிஎல். பார்க்கிறவர்களுக்கு அது லீவாகத்தான் தெரியும்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5000 ரூபாயாக இருந்து 8000 ஆனது. 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். அதுவும் வீட்டுச் செலவுக்கு. போட்டுச் செலவுக்கு அதில் ஒன்றும் கிடையாது. 2017-க்கு முன்னால் தடை 45 நாள்தான், மே 29-ஓடு முடிந்துவிடும். இப்போது ஜூன் 14 வரை. கூடின அந்த 16 நாளும் பள்ளிக்கூடம் திறந்து, ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் என்று செலவு வரிசை கட்டுகிற நேரத்தில் போய் விழுந்தது.

நகைக் கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த ஊரின் காலண்டர் வேறு மாதிரி ஓடும். பண்ருட்டிப் பக்கத்து ஆட்கள் முந்திரி, பலா விற்ற காசோடு மீட்க வரும் அதே வாரங்களில், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் மீனவர் குப்பங்களிலிருந்து பெண்கள் அடகு வைக்க வருவார்கள். முதலில் ஆரம் வரும், அப்புறம் வளையல், ஜூன் முதல் வாரத்தில் தோடு. தோடு வந்தால் அந்த வீட்டு போட்டில் இன்ஜின் வேலை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று நானாகவே புரிந்துகொள்வேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

போட்டுக்குத் தண்ணி ஊற்றுவது

மாமாவுடையது மரப் போட்டு. இப்போது இரும்பும் ஃபைபரும் பெருகிவிட்டன. இரும்புப் போட்டுக்காரருக்குக் கணக்கு நேரானது. துருவைச் சுரண்டு, தகடு மாற்று, வெல்டிங் அடி, பெயிண்ட் பூசு. ஃபைபர் போட்டுக்காரர் விடிவதற்குள் வேலையை முடிக்கப் பார்ப்பார், ஏனென்றால் கத்திரி வெயிலில் ரெசின் என்கிற பிசினில் அதை இறுக்கும் ஹார்டனரைக் கலந்தால் பிரஷ்ஷை எடுப்பதற்குள் வாளியிலேயே கட்டியாகிவிடும். வாளி சூடாகிப் புகையும். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டரையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று சேரவிடக் கூடாது, வெடித்துவிடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. இதைப் பள்ளிக்கூடம் போகாத பையன்கள்கூட இங்கே மனப்பாடமாகச் சொல்வார்கள்.

மரத்தின் கதை வேறு. வின்ச்சு போட்டுக் கரைக்கு இழுத்து, கட்டைகள் மேல் நிறுத்தின அன்றே அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசை, அதாவது ஓடுள்ள சின்னக் கடல் உயிர்களை, சுரண்டிவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியால் தள்ளினால் வந்துவிடும். காயவிட்டால் உளி எடுக்க வேண்டிவரும், கூடவே மரமும் பெயரும். அதை விட்டுவைத்தாலோ அடி சொரசொரத்து, வருஷம் பூராவும் டீசல் குடிக்கும். அடுத்தது கலப்பத்து, பலகை இடுக்குகளைப் பஞ்சால் அடைக்கும் வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் பழைய பஞ்சைக் கொக்கியால் இழுத்தால், கறுத்துப்போய் எண்ணெய் நாற்றத்தோடு கயிறு கயிறாக வரும். புதுப் பஞ்சை முறுக்கி இடுக்கில் வைத்து, உளியைக் கொடுத்து, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது பழைய முறை; இப்போது கடைப் பட்டியும் பூசுகிறார்கள். மரம் கொஞ்சம் காய்ந்திருந்தால்தான் இடுக்கு வாய் திறக்கும், பஞ்சு உள்ளே போகும். பிறகு தண்ணீரில் இறக்கியதும் மரம் ஊறிப் பருத்து, பஞ்சைத் தானே இறுக்கிக்கொள்ளும். ஆனால் காய்ச்சல் மிஞ்சினால் பலகையே வெடித்துவிடும். காயவும் வேண்டும், காய்ந்துவிடவும் கூடாது.

அதனால் மாமா தினமும் விடிகாலையில் வாளியோடு போய்விடுவார். வெயில் விழுகிற பக்கம் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, பலகை பலகையாகத் தண்ணி ஊற்றுவார். சாயங்காலம் மறுபடியும். கடலில் பத்து மாதம் ஊறின ஒன்றுக்குக் கரையில் வைத்துத் தண்ணி ஊற்றுவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஊற்றிவிட்டுக் கொஞ்சம் பின்னால் வந்து நின்று பார்ப்பார். எந்த இடத்தில் தண்ணி சீக்கிரம் உறிஞ்சப்படுகிறது, எந்த இடத்தில் வழிந்து ஓடுகிறது என்பது ஒரு கணக்கு. அதோடு அந்த நேரத்தில் அவருக்கு யாரும் பக்கத்தில் வேண்டாம். வீட்டில் பேரன் பேத்தி சத்தம், பெண்டாட்டி பேச்சு, கடன்காரன் போன். "ஒரு ஆளப் போட்டு ஊத்தச் சொல்லலாமே மாமா" என்று ஒரு தடவை சொன்னேன். "வேற ஆளு ஊத்துனா கைக்கு எட்டுன எடத்துலயே ஊத்துவான் மாப்ள" என்றார். அது காரணம்தான், ஆனால் முழுக் காரணம் இல்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. இந்த இரண்டு வாளித் தண்ணீரை வேலை என்று எழுதுவதா, பொழுதுபோக்கு என்று எழுதுவதா? என் நண்பருக்கு மனசுக்குள் நான் சொல்லிப் பார்த்த பதில்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் தடுக்கின.

ஐப்பசிக்கு மாற்றினால்?

துறைமுகத்தில் வருஷா வருஷம் ஓடும் வழக்கு ஒன்று உண்டு. மீன் இனப்பெருக்கத்துக்காகத்தான் தடை என்கிறார்கள். நம் பக்கம் மீன் குஞ்சு வைப்பது ஐப்பசி, கார்த்திகையில்தானே, தடையை அங்கே மாற்றினால் என்ன என்று கேட்பவர்கள் நிறையப் பேர். எப்படியும் அந்த இரண்டு மாதமும் புயல் எச்சரிக்கையில் பாதி நாள் கரையில்தான் கிடக்கிறோம், இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் வருஷத்தில் கூடுதல் நாள் தொழில் பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மீன் விஷயத்தில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று தோன்றும். வடகிழக்குப் பருவமழையில் எப்படிக் கலப்பத்து அடிப்பது? பெயிண்ட் எப்போது காயும்? ஆறு பெருக்கெடுக்கிற நேரத்தில் போட்டைக் கரையேற்றி எங்கே நிறுத்துவது? இந்த ஊர் மரப் போட்டுகள் பிழைத்துக் கிடப்பது சித்திரை, வைகாசி வெயிலால். தடையைத் திட்டுகிற அதே வாய், "நல்ல வெயிலு, பஞ்சு நல்லா எறங்குது" என்றும் சொல்லும்.

மாமாவுக்கு இந்த வழக்கில் தனிக் கட்சி. "மீனுக்கு எப்ப வேணா லீவு குடுக்கட்டும். போட்டுக்கு லீவு வெயில்லதான்" என்பார்.

வாகைப் பலகை

நண்பர் அதைச் சொன்ன வருஷம், கத்திரி தொடங்கிச் சில நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஆசாரி சின்னச் சுத்தியலால் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல பலகை கணீரென்று சொல்லும். பின்பக்கம், இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் சாஃப்ட் வெளியே வருகிற இடத்துக்கு மேலே, ஏரா என்கிற அடிக்கட்டையிலிருந்து மூன்றாவது பலகையில் சத்தம் அமுங்கியது. ஆசாரி இன்னொரு முறை தட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஆணிக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது முனையில் ஈரத் தவிடு போல மரத்தூள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது இந்த போட்டு பக்கத்துப் போட்டோடு மோதி, அந்த இடம் பெயர்ந்துபோனது. ஊரே மரம் தேடிக்கொண்டிருந்த நேரம். கிடைத்த பச்சை மரத்தைப் போட்டு அடைத்திருக்கிறார்கள். அது ஆணியைச் சுற்றி உளுத்து வந்திருக்கிறது.

இரண்டு வழி என்றார் ஆசாரி. உளுத்த அளவுக்கு வெட்டி எடுத்துத் துண்டு வைத்து, மேலே தகடு அடிக்கலாம். மூன்று நாள் வேலை. இல்லையென்றால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். அதற்கு மேல் பலகையையும் பிரிக்க வேண்டும், உள்ளே பலகையைத் தாங்கும் விலா எலும்பு மாதிரியான வங்குக்கால் எப்படி இருக்கிறதோ அதையும் பார்க்க வேண்டும். செலவு லட்சத்தைத் தாண்டும். ஜூன் 14-க்குள் முடியுமா என்று கேட்டால் "பாப்போம்" என்றார். ஆசாரி "பாப்போம்" என்றால் அது நல்ல சகுனம் இல்லை.

தேதிதான் இதில் கழுத்துக்கு வைத்த கத்தி. ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கரையில் தடை. இங்கே தடை நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வரும். நம் தடை முடிந்ததும் லாரி எதிர்த்திசையில் ஓடும். நம் போட்டுகள் கடலுக்குப் போய், அந்தப் பக்கத்துப் போட்டுகள் கரையில் கிடக்கிற அந்த ஆறேழு வாரத்தில்தான் விலை நிற்கும். அதில் இரண்டு வாரம் பலகைக்காகக் கரையில் கிடந்தால் அந்த வருஷத்துக் கணக்கே சாய்ந்துவிடும்.

இவ்வளவையும் கேட்ட மாமா, "சரி" என்று சொல்லிவிட்டு நேரே மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து சீட்டைக் கையில் எடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நண்பர் சொன்னது அப்படியே கண் முன்னால் நடக்கிறது. கோபத்தில் கிளம்பிப் போயிருப்பேன். நிழலில் நிறுத்தியிருந்த என் வண்டி மற்ற வண்டிகளுக்கு நடுவில் சிக்கியிருந்ததால், அவற்றை எடுக்கச் சொல்லி ஆள் தேடிக்கொண்டு அந்த வட்டத்துக்குப் பின்னாலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது.

அப்போதுதான் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மாமாவுக்கு வலது கைப்பக்கம் மரக்கடைக்காரர். அவருக்கு அடுத்து, போன வருஷம் இதே மாதிரி பலகைப் பிரச்சினையில் மாட்டிய இன்னொரு போட்டு ஓனர். எதிரே மீன் வியாபாரி, ஏலத்தில் மாமாவின் மீனை எடுப்பவர். அப்புறம் இன்ஜின் மெக்கானிக், மாமா போட்டின் டிரைவர். டீக்காசுக்குத்தான் ஆட்டம். சீட்டு விழுந்துகொண்டே இருந்தது, பேச்சு ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. யாரோ சிஎஸ்கே-வைத் திட்டினார்கள். நடுவில் மரக்கடைக்காரர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாகை ஒண்ணு கெடக்குதுண்ணே, ரெண்டு வருசம் காஞ்சது. உன் வளைவுக்கு வரும்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு சுற்று போனது. பக்கத்து ஓனர், "நான் துண்டு வெச்சேன். ஆடிக்குள்ள தகடு பிரிஞ்சிடுச்சு. ராத்திரி பூரா பம்பு ஓட்டிக்கிட்டே வந்து சேர்ந்தோம்" என்றார். மறுபடியும் கிரிக்கெட். வியாபாரி சீட்டு இழுத்துக்கொண்டே, "காசு என்கிட்ட வாங்கிக்க. மீன என்கிட்டயே போட்டுடு, வெல பேசிக்கலாம்" என்றார். டிரைவர் தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தான். மாமா ஒரு சீட்டை இழுத்தார், வேண்டாததைப் போட்டார். இன்னும் இரண்டு சுற்று.

பிறகு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "முழுப் பலகையே போட்டுடலாம். வாகைய நாளைக்கு அனுப்பு." வியாபாரி பக்கம் திரும்பி, "காசு வேணாம்ப்பா. மீனு ஏலத்துக்கு வரும், நீ அங்க எடு" என்றார். வியாபாரி சிரித்தார், கோபப்பட்டதாகத் தெரியவில்லை. மெக்கானிக் உடனே, "பலக பிரிக்கற அன்னிக்கே சாஃப்டையும் உருவிடுறேன்ணே, பேக்கிங் மாத்திக்கலாம்" என்றார். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு கலைத்தார்கள்.

மரம், காசு, ஆள், அனுபவம் நான்கையும் தேடி மாமா ஊர் முழுக்க அலைந்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒவ்வொருவர் வாசலிலும் கேட்கிறவனாக நின்றிருக்க வேண்டும். அங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. முகத்துக்கு நேரே "உன் காசு வேண்டாம்" என்று ஒரு வியாபாரியிடம் சொல்லிவிட்டு மறுநாள் அவரையே ஏலக்கூடத்தில் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. கையில் சீட்டு இருந்ததால் அது விளையாட்டோடு விளையாட்டாகப் போனது. முன்பணம் வாங்கினவன் மீன், பணம் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்குத்தான் போகும் என்பதைக் கடலூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதற்காகச் சீட்டாட்டத்தை நான் கோயில் கட்டிக் கும்பிடப் போவதில்லை. எல்லா வட்டமும் இப்படி இல்லை. டீக்காசில் தொடங்கி வண்டிச் சாவி வரைக்கும் போகிற வட்டங்களும் அதே கரையில் இருக்கின்றன. ஏப்ரலில் வந்த வளையல் எதற்காக வந்தது என்று தெரிந்தும் எடை போட்டுக் காசு எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

வலையும் கூத்தும்

வலை வேலையைப் பற்றி நீட்டிச் சொன்னால் இந்தப் பதிவு முடியாது. கிழிந்த கண்ணியை வெட்டிச் சீராக்கி, ஊசியில் நூல் ஏற்றி, அளவுக்கட்டையை வைத்துப் பொத்திக்கொண்டே போவது கை பாட்டுக்குச் செய்யும் வேலை. வாய் சும்மா இருக்கும், அதனால் ஊர்க்கதை முழுவதும் வலைக்கூடத்தில்தான் உற்பத்தி. பேச்சு சுவாரசியமாக இருந்தால் நன்றாக இருக்கும் வலையையும் பிரித்துப் பின்னுகிற பெரியவர்கள் உண்டு. ராத்திரியானால் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. மற்ற மாதங்களில் ராத்திரி கடலில் கிடக்கிறவர்கள், இந்த இரண்டு மாதத்தில்தான் விடிய விடிய உட்கார்ந்து அர்ச்சுனன் தபசு பார்க்க முடியும். தீமிதிக்குக் காப்புக் கட்டுவதும் இப்போதுதான் தோதுப்படும். கல்யாணம், காதுகுத்து, நிச்சயதார்த்தம் எல்லாம் வைகாசியில் குவிவதும் அதனால்தான்.

பெண்களுக்கு லீவே கிடையாது. அத்தை தடைக்காலத்திலும் விடிகாலையில் கூடையோடு கிளம்பிவிடுவார். நம் போட்டு மீன் இல்லையென்றால் மேற்கேயிருந்து வரும் ஐஸ் மீன், அதுவும் தோதுப்படாவிட்டால் கருவாடு. தெருவில் வாடிக்கையை ஒரு வாரம் விட்டால் வேறு ஒருத்தி பிடித்துக்கொள்வாள் என்பார். "உங்க மாமாவுக்குத்தான் தட, எனக்கு என்னா தட?"

பலகை பிரித்த மறுநாள் அத்தை ஆரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கிளைக்கு வந்தார். சொந்தக்காரர் கடனை நான் தொடக் கூடாது; அதனால் பக்கத்து நாற்காலியில் இருந்த அதே நண்பர்தான் பார்த்தார். எடை போட்டு, கல்லைக் கழித்து, படிவத்தை நிரப்பிக்கொண்டே "எதுக்கும்மா காசு?" என்று கேட்டார். "பலகைக்கு" என்றார் அத்தை. நண்பர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் நோக்கம் என்ற இடத்தில் வரிசையாக வருவதில் பலகை எதில் சேரும் என்று தேடிவிட்டு, கடைசியில் "இதர செலவு" என்று போட்டார். கிசான் கிரெடிட் கார்டை 2018-19 பட்ஜெட்டில் மீன்பிடித் தொழிலுக்கும் நீட்டித்தார்கள்; விளம்பரப் பலகை எங்கள் வாசலிலேயே தொங்குகிறது. அதற்குக் காகிதம் சேர்த்து, கையெழுத்து வாங்கி, மேலிடத்துக்குப் போய் வருவதற்குள் ஆடி பிறந்துவிடும். நகையை நீட்டினால் அரை மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒரு போட்டு ஓனருக்குத் தேவைப்படும் தொகையைத் தடை தொடங்குகிற வாரத்திலேயே போட்டின் பதிவைக் காட்டி எடுத்துக்கொள்ள வழி இருந்தால், முக்கால்வாசி ஆரம் பீரோவிலேயே இருக்கும். மேலே எழுதிப் பார்த்தேன். "பரிசீலனையில்" என்று வந்தது. மேலிடம் "பரிசீலனையில்" என்பது ஆசாரி "பாப்போம்" என்பதைவிட மோசம்.

போட்டு ஜூன் 14 ராத்திரி மற்றவர்களோடு கிளம்பவில்லை. பெயிண்ட் பூசாமலேயே, வாகைப் பலகை வெறும் மரமாகத் தனித்துத் தெரிய, நான்கு நாள் கழித்து இறக்கினார்கள். முதல் நாள் மரம் ஊறுகிற வரைக்கும் கொஞ்சம் கசிந்தது, இரண்டாம் நாள் நின்றுவிட்டது. நண்பருக்கு அந்த வாரம் கொஞ்சம் சங்கரா மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். லீவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆரம் இன்னும் எங்கள் பெட்டகத்தில்தான் இருக்கிறது, வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்திருக்கிறார்கள். இதற்கிடையில் மாமா, கியர்பாக்ஸில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.